வெட்டிப் போட்ட "வர்றேன்"

ஈரக் களிமண்ணில் தேங்காயெண்ணெயை விட்டுப் பிசைந்தால் ஒரு கனத்த மணம் எழும். எங்கேயாவது அது மூக்கில் பட்டால், இன்றைக்கும் சுகந்தியும் அவளுடைய அம்மாவும் நான் செய்த ஒரு முட்டாள்தனமும் அந்த மணத்தோடு சேர்ந்தே வருகிறார்கள்.

தரம் ஒன்பதில் கணினிப் பாடம் எடுத்த டீச்சர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து களிமண் பொம்மைகளை வைத்து ஒரு குட்டிப் படம் செய்துவரச் சொன்னார். பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி ஒரு போட்டோ, எல்லாவற்றையும் வேகமாக ஓடவிட்டால் பொம்மை நடக்கும். எனக்கு ஜோடி, வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் உட்காரும் சுகந்தி. நான் கண்டி டவுனில் கடைக்கு மேல்மாடி வீட்டில் வளர்ந்தவள். அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். போன் என் அப்பாவுடையது, மண் அவளுடையது. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் "கானு" ஓரத்தில் அவளே தோண்டி எடுத்தது.

கதையும் அவள் சொன்னதுதான். விடிந்ததும் ஒரு அம்மா கூடையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறாள், அவ்வளவே. அதை நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக அவர்களுடைய "காம்பரா"வில், லயத்தின் அந்த ஒற்றை அறையில், அலுமாரிக்குப் பக்கத்தில் பலகை போட்டு எடுத்தோம். எத்தனை எண்ணெய் விட்டாலும் மண் வாரத்துக்கு வாரம் காய்ந்து சுருங்கியதால், படம் ஓட ஓட அந்தக் களிமண் அம்மா மெலிந்துகொண்டே போனாள். "இந்தத் தோட்டத்துல எவ கொழுத்தா? அது சரியாத்தான் இருக்கு" என்று சுகந்தியின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

குரலுக்கு அவரையே பிடித்தோம். இன்னும் பத்து நாளில் அவர் வீட்டு வேலைக்காக அரபு நாட்டுக்குப் புறப்பட இருந்தார். "அடியே, நெசமா போறப்ப சொல்றதுக்கு இப்பவே ஒத்திகையா?" என்று வெட்கப்பட்டுவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "போயிட்டு வர்றேன்" என்றார். கடைசிச் சொல்லின்மேல், வெளியே யாரோ கோழி விரட்டும் சத்தமும் விழுந்துவிட்டது.

மறுநாள் படத்தைக் கொடுக்க வேண்டும். அன்று இரவு நான் தனியாக உட்கார்ந்து குரலைச் சேர்த்தபோது போட்டோக்கள் தீர்ந்துபோயின, குரல் மிச்சமிருந்தது. எனக்கு எப்போதும் அவசர புத்தி, அதோடு அந்தக் கோழிச் சத்தம் வேறு. "வர்றேன்" என்பதை வெட்டிவிட்டேன்.

வகுப்பில் படம் ஓடியது. களிமண் அம்மா வாசலில் நின்று "போயிட்டு" என்றாள், திரை இருண்டது, எல்லோரும் கைதட்டினார்கள். சுகந்தி மட்டும் மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வர்றேன் எங்கடி?"

"போட்டோ பத்தல, வெட்டிட்டேன். எல்லாருக்கும் வெளங்குதுதானே."

"போயிட்டுன்னு பாதியில நிறுத்தக் கூடாதுடி. அம்மா அடுத்த கெழம போறாங்க. திரும்ப ஒட்டிரு."

"ஐயோ, நீ ஒரு பைத்தியம்! சரி, ஒட்டிர்றேன்."

ஒட்டவில்லை. முழுக் குரலும் அப்பாவின் போனில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு போனில் இடமில்லை என்று வந்தபோது, மற்றக் குப்பைகளோடு அதையும் அழித்தேன். அழித்ததும் நான்தான், வேறு யாருமில்லை.

அடுத்த வருடம் சுகந்தியின் அம்மா அங்கேயே செத்துப்போனார். நெஞ்சுவலி என்றார்கள். உடல் வந்த பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. கருமாதி முடிந்து பள்ளிக்கூடம் வந்த சுகந்தி, இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அங்கேருந்து அம்மா பேசுனது ஒண்ணும் எங்கிட்ட இல்லடி. ஒங்கப்பா போன்ல அந்தக் குரல் இருக்கும்ல? வெட்டாதது. ஒரே ஒரு தடவ முழுசா கேட்டுக்கிறேன்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. சட்டைக் கையைக் கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "பரவால்லடி" என்றாள். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன், அந்தப் "பரவால்ல"யை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. களிமண் அம்மா அப்போதே மழையில் கரைந்து கானுவோடு போய்விட்டாள். வத்தேகமவில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் சுகந்தி, போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். தேநீர் குடித்துக்கொண்டே தன் போனை எடுத்து, டீச்சரிடம் எப்போதோ கேட்டு வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தை ஓடவிட்டாள். மெலிந்த அம்மா வாசலுக்கு வந்து "போயிட்டு" என்றாள். திரை இருண்டதும் சுகந்தி மெதுவாக, "வர்றேன்" என்றாள்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். "எப்பவும் அந்த எடத்துல நான்தான் சொல்லுவேன், பழகிப்போச்சு. ஆனா அம்மா எப்பிடிச் சொன்னாங்கன்னு எனக்கே மறந்துபோச்சுடி. ஒனக்கு ஞாபகம் இருக்கா? இப்பிடித்தான் சொன்னாங்களா?"

எனக்குக் கோழி விரட்டும் சத்தம் மட்டுமே ஞாபகம் இருந்தது.

"அப்பிடியேதான்டி" என்றேன்.