அண்ணன் அடித்த வரிக்கத்தி

இந்த மலரின் அட்டையைப் பார்த்ததும் உங்களில் சிலர் திகைத்திருப்பீர்கள். அண்ணன் படத்துக்குக் கீழே, குத்துவிளக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கத்தி இருக்கிறது. அச்சகத்தில் இருந்தவரும் தயங்கினார். "அக்கா, நினைவு மலர்ல கத்தி போடுவாவளா? வேற படம் இருந்தா தாருங்க" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி, "இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அந்தக் கத்தியின் கதையை உங்களிடம் சொல்லும் பொறுப்பை, அவருடைய ஒரே தங்கையான என்னிடம் அண்ணி ஒப்படைத்திருக்கிறார்.

அண்ணன் பிறந்தது பூதப்பாண்டிக்கு அருகே எங்கள் ஊரில். அப்பாவுக்கு வயல்தான் எல்லாம். அண்ணனை வயலுக்கு அனுப்பினால் அவர் பம்புசெட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். மோட்டாரைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. பிரித்ததை அவரே மாட்டி ஓடவிட்டதும் உண்டு. நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. படித்து வெல்டர் ஆனார். சில வருடங்கள் உள்ளூர்ப் பட்டறைகளில் இருந்துவிட்டு வளைகுடாவுக்குப் போனார். என் படிப்பும் திருமணமும் அப்பாவின் மருத்துவமும் அவர் அங்கே வெயிலில் நின்ற காலத்தில் நடந்தவை. அதை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை.

விடுமுறையில் வந்தால் முதல் வேலையாக எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். எந்த வீட்டு இரும்புக் கதவு கீச்சிட்டாலும் அவருக்குப் பொறுக்காது. கேட்காமலே போய் கீலில் எண்ணெய் விட்டு, இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். அதிர்ந்து பேசாதவர். கோபம் வந்தால் அவர் பேச்சு இன்னும் குறையும், அவ்வளவுதான்.

அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் நெய்யூர்ப் பக்கத்தைச் சேர்ந்த வில்சன். அறைக்கே அவர்தான் சமையல். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் வில்சன் வைத்த மீன்கறி பற்றியோ, வில்சன் செய்த மரச்சீனிக் கிழங்கு பற்றியோ அண்ணன் ஏதாவது சொல்வார். நல்ல கத்தி ஒன்று கிடைக்காததுதான் வில்சனுக்கு எப்போதும் குறையாம். கடையில் வாங்கும் கத்தி எதுவும் ஒரு மாதம் தாங்கவில்லை என்று புலம்புவாராம்.

ஒருநாள், எண்ணெய்த் தொட்டி ஒன்றுக்குள் வெல்டிங் வேலை நடந்தபோது, உள்ளே தங்கியிருந்த வாயு தீப்பிடித்துவிட்டது. உள்ளே இருந்தவர் வில்சன். வெளியே நின்ற அண்ணன் அவரை இழுத்து எடுத்தார். அதில் அண்ணனின் இரண்டு முன்கைகளும் வெந்தன. வில்சன் பிழைக்கவில்லை.

அண்ணன் ஊருக்கு வந்துவிட்டார். கைப் புண் ஆறியது. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தீயில் வேலை பார்த்த மனிதருக்குத் தீயைக் காண முடியாமல் போயிற்று. அடுக்களையில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டால் வீட்டைவிட்டு இறங்கி நடந்துவிடுவார். அண்ணி கரண்ட் அடுப்புக்கு மாறினார். பூசை அறையில் விளக்கு ஏற்றுவதை, அண்ணன் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். கார்த்திகைக்குக் கோவிலில் சொக்கப்பனை கொளுத்தும் மாலையில் அண்ணன் பஸ் ஏறி கன்னியாகுமரிக்குப் போய் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். கைக்கு ஏதாவது வேலை கொடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். எந்த வேலையிலும் அண்ணன் மனம் நிற்கவில்லை.

இரண்டு கார்த்திகை இப்படியே கழிந்தது. அப்போதுதான் ஒருநாள் அண்ணி என்னைப் போனில் அழைத்தார்.

"நாத்தனாரே, இவிய போன்ல கத்தி செய்யிற வீடியோவா பாத்துக்கிட்டு இருக்காவ. காலையில இருந்து அதேதான். எனக்கு என்னமோ பயமா இருக்கு. செத்த வந்துட்டுப் போறியளா?"

அந்த பயம் என்னவென்று அண்ணியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் குடியிருக்கும் நாகர்கோவிலில் இருந்து அடுத்த பஸ்ஸில் போனேன். அண்ணன் முற்றத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் உலையிலிருந்து தகதகக்கும் இரும்பை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தீ உள்ளங்கைக்குள் அடங்கியதாக இருந்ததால் அண்ணனால் பார்க்க முடிந்தது போலும்.

"என்னண்ணே, இதையே பாக்கிய?" என்றேன்.

"பாரு ஏட்டி. இது ஒரு இரும்பு, இது வேற ஒரு இரும்பு. அடுக்கி வச்சு, சூடாக்கி, அடிக்கான். வெல்டிங் ராடு கிடையாது, மெஷின் கிடையாது. வெறும் சூடும் அடியும்தான். ரெண்டும் ஒண்ணாப் போவுது. டமாஸ்கஸ் கத்தின்னு பேரு. நான் இத்தன வருஷம் வெல்டிங் பண்ணியிருக்கேன், இது தெரியாம போச்சே."

பல மாதங்களாக அவர் அத்தனை வார்த்தைகள் தொடர்ந்து பேசி நாங்கள் கேட்டதில்லை. அண்ணி அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் வேலை தொடங்கியது. மரம் அறுக்கும் மில்லில் கழித்துப் போட்ட ரம்பப் பட்டையும், பழைய இரும்புக் கடையில் தேய்ந்த அரங்களும் வாங்கிவந்தார். ரம்பப் பட்டையில் நிக்கல் கலந்திருக்கும், அது கடைசிவரை வெளுப்பாகத் தெரியும். அரத்தின் இரும்பு கறுக்கும் என்றார். இரண்டையும் ஒரே அளவாக வெட்டி, முகம் தெரியும்படி தேய்த்து, ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, கம்பியால் இறுகக் கட்டினார். கனத்த இரும்புக் கட்டை ஒன்றைத் தென்னங்குற்றியில் பதித்து அடிக்கும் மேடை ஆக்கினார். மண்ணும் செங்கலும் வைத்து உலை கட்டினார். கையால் சுற்றுகிற ப்ளோயர் வாங்கினார். கேஸ் சிலிண்டர் அந்தப் பக்கமே வரக்கூடாது, தேங்காய்ச் சிரட்டைக் கரி போதும் என்றார்.

எல்லாம் தயார். தீ மூட்ட மட்டும் அவரால் முடியவில்லை. கட்டிய அடுக்கு துணி துவைக்கும் கல்லின் மேல் வாரக்கணக்கில் கிடந்தது. காலையில் எடுத்துப் பார்ப்பார், அங்கேயே வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உலைமுன் போய் உட்கார்ந்தார்.

"நீங்க கெணத்துப் பக்கம் போய் நில்லுங்க. தீ நான் போட்டுக்கிடுதேன். என்ன செய்யணும்னு அங்க நின்னு சொன்னா போதும்."

அண்ணன் கிணற்றடிக்குப் போனார். அண்ணி கரியைப் பற்றவைத்து ப்ளோயரைச் சுற்றினார். புகை அடங்கித் தணல் ஏறியது. அண்ணன் கிணற்றுச் சுவரைப் பிடித்திருந்த கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. ஆனால் அவர் போய்விடவில்லை.

"காத்து கூடுதலா இருக்கு, பைய சுத்து" என்றார். சற்றுப் பொறுத்து, "செவப்பு போதாது. மஞ்ச வரணும்" என்றார். பிறகு, "இப்ப வெங்காரம் போடு."

அண்ணி அந்த வெள்ளைத் தூளைத் தூவினார். அது உருகி இரும்பின்மேல் கண்ணாடிபோல் ஓடியது. இடுக்கில் அழுக்கு சேராமல் அது பார்த்துக்கொள்ளுமாம். நல்ல மஞ்சள் நிறம் வந்ததும் அண்ணி குறடால் அடுக்கை எடுத்து மேடையில் வைத்து, சுத்தியலை ஓங்கி ஒரே போடாகப் போட்டார். அடுக்கு சரிந்தது.

"அடிக்காத! தட்டணும், தட்டணும்!" என்று கத்திக்கொண்டு அண்ணன் ஓடிவந்தார். அண்ணி கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். சரிந்த தகடுகளை நேராக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டத் தொடங்கினார். உருகிய வெங்காரம் பொறிப் பொறியாகச் சிதறியது. ஒரு பொறி அவருடைய முன்கைத் தழும்பின்மேல் விழுந்தது. அவர் கையை உதறிவிட்டு, "ஆறிப்போச்சு. காத்தச் சுத்து ஏட்டி" என்று அண்ணியிடம் சொல்லி, தானே இரும்பைக் கொண்டுபோய்த் தணலுக்குள் செருகினார்.

உலைக்கு அருகே, வேர்த்து வழிய, அண்ணன் நின்றிருந்தார். எங்கே நிற்கிறோம் என்பது சற்றுக் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது. அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்து ப்ளோயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணீர் கரியில் விழுந்தது.

அந்த முதல் கத்தி உருப்படவில்லை. நீட்டி, மடித்து, மறுபடி அடித்து, வடிவம் கொண்டுவந்து, சூடான கத்தியை எண்ணெயில் முக்கியபோது 'டிங்' என்று ஒரு சத்தம். தகடுகள் பக்கவாட்டில் பிளந்துவிட்டன. நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தோம். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அரத்துக்க பல்ல நல்லா தேய்க்கல்ல. அதுக்குள்ள அழுக்கு இருந்திருக்கு. எனக்க தப்புதான்" என்றார். ஊருக்கு வந்தபின் அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

அடுத்தது பிளக்கவில்லை. அயனி மரத்தில் பிடி போட்டார். சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் மருந்தை அண்ணன் மகள் நாகர்கோவிலில் வாங்கிவந்தாள். தீட்டிய கத்தியை அதில் தோய்த்து எடுத்துக் கழுவியபோது, வெறும் வெள்ளை இரும்பில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் எழும்பின. பழையாற்றில் தண்ணீர் வடிந்தபின் மணலில் தெரியுமே, அப்படி. தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அதற்கு வரிக்கத்தி என்றே பெயர் ஆனது.

"இது வில்சன் வீட்டுக்கு" என்றார் அண்ணன்.

ஊருக்கு வந்து அத்தனை காலம் ஆகியும் அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணி என்னையும் துணைக்கு அழைத்தார். மூவருமாக நெய்யூருக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அண்ணன் துணியில் சுற்றிய கத்தியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வில்சனின் மனைவி புஷ்பம் வீட்டு முன்புறத்திலேயே சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை நடத்திவந்தார். எங்களைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு வந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உள்ள இருக்கவேண்டியது நான். எனக்கு நடுவலி, இடுப்ப வளைக்க முடியல்லன்னு அவன் உள்ள கேறினான். இத உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல்ல."

அண்ணியும் நானும் அதைக் கேட்டது அப்போதுதான். எத்தனை நாள் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தாரோ. புஷ்பம் அண்ணனையே பார்த்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. காலைல போன்ல சொன்னாவ. அண்ணனுக்கு நடுவு வலிக்கு, இன்னைக்கு நான் கேறுதேன், நீ அவருக்க வீட்டுல மாத்திரை வாங்கி அனுப்பச் சொல்லுன்னு சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாவ. அவிய இஷ்டப்பட்டுக் கேறினது. உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நீங்க வரல்லியேன்னுதான் வருத்தம். கடைசியா பக்கத்துல இருந்தது நீங்கதானே. அவிய ஏதாவது சொன்னாவளா?"

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். "வலிக்கல்லன்னு சொன்னான். பிள்ளையளுக்க பேரச் சொன்னான். என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தான்" என்றார். இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் புஷ்பம் எங்களுக்குச் சோறு போட்டார். அண்ணன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது கத்தியைத் துணி பிரித்துப் புஷ்பத்தின் கையில் கொடுத்தார். அட்டையிலுள்ள படம் அந்தக் கடையின் அடுக்களையில், காய் நறுக்கும் பலகையின் மேல் வைத்துப் பிற்பாடு எடுத்தது.

திரும்பி வரும்போது, திங்கள்சந்தை தாண்டும் முன்பே அண்ணன் பஸ்ஸில் தூங்கிவிட்டார். வடசேரியில் இறங்கவேண்டிய நேரத்தில் அண்ணிக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.

அதன்பின் அண்ணனுக்குப் பல நல்ல வருடங்கள் கிடைத்தன. கேட்டவர்களுக்கெல்லாம் கத்தி அடித்துக்கொடுத்தார். பலாச்சக்கை வெட்ட, மரக்கறி நறுக்க, சமையல்காரர்களுக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியோடு இருக்கும். அண்ணன் வீட்டு அடுப்பில் மறுபடி தீ எரிந்தது. மகளின் கல்யாணத்தில் ஹோமகுண்டத்தின் முன்னால் உட்கார்ந்து தாரைவார்த்தார்.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகிவிட்டது. மருத்துவமனையில் சில நாட்கள் இருந்துவிட்டு, வீட்டுக்கே வந்துவிட வேண்டுமென்றார். வந்தார். ஒரு காலையில் காப்பி கேட்டார். அண்ணி கொண்டுவருவதற்குள் அமைதியாகப் போய்விட்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மகள்தான் கொள்ளி வைத்தாள். சுடுகாட்டுக்குப் புறப்படும் முன் அவள் கலங்கி நின்றபோது அண்ணி அவள் தோளைத் தொட்டு, "பயப்படாம வை மக்கா. அப்பாவுக்கு இப்ப தீயில பயம் கெடையாது" என்றார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சுத்தியல் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் முகம் கோணாத பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களைத் தனியே விடாத உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்று மதியம் உங்களுக்குப் பரிமாறும் சாப்பாடு புஷ்பம் தங்கச்சியின் கைச்சமையல். நேற்றே வந்துவிட்டார். எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

அண்ணிக்கு நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நான் என்ன செஞ்சேன், தீயத்தானே போட்டேன்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தீ மூட்டாமல் இருந்திருந்தால் இந்த நினைவு மலர் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருக்கும். அப்போது நாங்கள் இருவரும் பயந்தது அதைத்தான். அப்படி நடக்கவில்லை. அண்ணன் தன் காலம் முழுவதும் இருந்து, காப்பி கேட்டுவிட்டுப் போனார்.

— தங்கை