சத்தம் போடாத ரயில்

வாலாஜாபாத் மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகும்போது எங்கள் மாட்டுவண்டி ரயில்பாதையைத் தாண்ட வேண்டும். அங்கே கேட் கிடையாது. முன்பெல்லாம் ரயில் வந்தால் பக்கத்துச் சின்னப் பாலம் தடதடவென்று அதிரும். அதைக் கேட்டு மாடுகள் தாமாகவே நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் என் வீட்டுக்காரர் வண்டியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். ரயிலும் நேரத்துக்கு வந்ததே இல்லை.

போன மாசியில் பாலத்தைச் சீர்செய்து, புதுத் தண்டவாளம் போட்டார்கள். பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஒருநாள் காலை வழக்கம்போல் அவர் தூங்கினார். நான் மூட்டைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று வண்டி குலுங்கி நின்றது. பாதையில் ஜல்லி தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தார். நான் திரும்புவதற்குள் மாடுகளின் முகத்துக்கு எதிரே ரயில் கடந்துபோனது.

"இன்னா அண்ணே, தூங்கிக்கினு வரியே. இப்ப பாலம் ஆடாது, சத்தமும் வராது. ரயிலு டைமுக்கு வந்துகினு கீது" என்றார் அவர்.

வீட்டுக்காரர் கீழே குதித்து மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "நீ நல்லா இருக்கணும் நைனா" என்று நான் கும்பிட்டேன்.

ரயிலை நான் குறை சொல்ல மாட்டேன். செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்ட என் மகள் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்குவது அதனால்தான். இப்போது பாதைக்கு முன்பே நான் இறங்கி நடந்து, இரண்டு பக்கமும் பார்த்துக் குரல் கொடுத்த பிறகே அவர் வண்டியை ஓட்டுகிறார். மாடுகளுக்கும் பழகிவிட்டது. ரயிலே இல்லாத நேரத்திலும் அங்கே நின்று, என் குரலுக்குக் காத்திருக்கின்றன.