கப்பலுக்குப் பதினாறாம் நாள்

தீம் பார்க்கில் கொள்ளைக்காரக் கப்பல் சவாரியை மூடிவிட்டு அந்த இடத்தில் மிட்டாய் நாடு கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். தோசை கருகிப்போனது. வீட்டுக்காரர் கருகலைச் சுரண்டிக்கொண்டே, "யாரு செத்தா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் லாபிஸ் ஊர்க்காரி. ரப்பரையும் செம்பனையையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஜோகூர் பாரு பக்கம் வந்த பிறகுதான் கடல் பக்கத்தில் வந்தது, இந்தத் தீம் பார்க்கும் வந்தது. முதன்முதலாகப் போனபோது மகளுக்கு ஆறு வயசு. கப்பலைக் கண்டதும் அவள் பயந்து அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள். நான்தான் சவாரிப் படகை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அன்றைக்கே வருடப் பாஸ் எடுத்தாயிற்று. பிறகு மகள் வளர்ந்து, "நான் வரல" என்று சொல்லத் தொடங்கிய காலத்திலும், நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லீவு விட்டால் நான் தனியாகக் கிளம்பிவிடுவேன். ஐம்பதை நெருங்கும் பொம்பளை கொள்ளைக்காரத் தொப்பியோடு படகில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டுமே, அவர்கள் வீட்டுச் சோற்றையா தின்கிறேன்?

அந்தச் சவாரியை என்ன சொல்ல! படகு ஓர் இருட்டுக் குகைக்குள் நுழையும். இரண்டு எலும்புக்கூடுகள் எதிரெதிரே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கும். திருப்பத்தில் ஒற்றைக்கண் கேப்டன் வாளைத் தூக்குவான். தூக்கும்போது அவன் கை 'கிறீச்' என்று கத்தும். அதற்கு எண்ணெய் போடச் சொன்ன ஒரு மனுஷனோடு நான் படகிலேயே சண்டை பிடித்திருக்கிறேன்.

என்னைப்போல் பைத்தியங்கள் இன்னும் இருந்தார்கள். எங்களுக்கென்று கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் புலனக் குழு. பத்து பகாட் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் சீனத்து அக்காதான் அதற்குத் தலைவி. கோத்தா திங்கி மலாய்க்கார அண்ணன் படம் எடுப்பவர். வாய்ச்சண்டைக்கு நான். மூன்று மொழியிலும் நிர்வாகத்துக்கு எழுதினோம். 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. அன்பாம்! அடுத்த வாரமே கப்பலை மூடிவிட்டார்கள். உள்ளே நடக்கும் வேலையை யாரோ படம் பிடித்து அனுப்பினார்கள். எங்கள் கேப்டனுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்து, கரடி வேஷம் போட்டு, வாள் இருந்த கையில் மாவு கிண்டும் கரண்டியைச் சொருகியிருந்தார்கள். "அலமாக்!" என்று மலாய்க்கார அண்ணன் அதிர்ந்துபோய்க் குரல் பதிவு அனுப்பினார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன். பொம்மைக்காக அழுதாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கப்பல் மூடின பதினாறாம் நாள் பார்க்கின் கார் நிறுத்துமிடத்தில் படையல் போடுவோம் என்று சொன்னது நான்தான். விளையாட்டாகத்தான் சொன்னேன். குழுவில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"ம்மா, அங்கயா?" என்று மகள் பதறினாள். படிப்பை முடித்துவிட்டு அவள் அதே பார்க்கில் டிக்கெட் வாசலில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. "என் சூப்பர்வைசர் பார்த்தா என்ன நினைப்பாரு லா?"

"உன் பேரை நான் ஏன் எடுக்கப்போறேன்? போடி," என்றேன்.

வாழை இலையில் வடை, பாயாசம், ஆட்டுக்கறிப் பிரட்டல். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமல்லவா? கொள்ளைக்காரன் மரக்கறியா சாப்பிடுவான்? கப்பல் படத்துக்கு மாலை போட்டோம். சீனத்து அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மலாய்க்கார அண்ணன் தள்ளி நின்று படம் எடுத்தார், வடைக்கு மட்டும் கிட்டே வந்தார். காவலுக்கு நிற்கும் ஜாகா ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார். கப்பல் என்றோம். மனுஷன் மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு வடை வாங்கிக்கொண்டு போனார்.

அங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. "புதுசு திறந்தா நீங்க போகமாட்டீங்களா?" என்று யாரோ சீண்டினார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "என் கால் அங்க படாது. இந்தச் சூடத்து மேல சத்தியம்!" என்று, எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். என்னோடு வந்திருந்த வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை.

"வேற எதுல வேணும்னாலும் விளையாடு. சூடத்துல விளையாடாத," என்றார் வீடு திரும்பும்போது.

திறப்பு விழாவுக்குப் பத்து நாளைக்கு முன் மகள் வெளிறிப்போய் வந்தாள். அவளை மிட்டாய் நாட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அதுவும் படகுத்துறைக்கு. மைக் பிடித்து, வருகிறவர்களை வரவேற்றுப் பேச வேண்டும். அது சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

என் மகள் நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'அவைக்கு வணக்கம்' என்பதோடு நின்றுபோய், ஆசிரியை வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டவள்.

அன்றிரவே சமையலறையில் ஒத்திகை தொடங்கினாள். "செலாமாட் டாத்தாங்! வெல்கம் டு தி ரிவர் ஆஃப் கிரீம்!" என்று அவள் சொல்ல, எனக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"கிரீம் ஆறா! ஏண்டி, எறும்பு மொய்க்காது?"

அவள் கரண்டியை வைத்தாள். மைக்குக்குப் பதில் அதைத்தான் பிடித்திருந்தாள், பாவம்.

"கப்பல் மூடுனதுக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் படைச்சீங்க. எனக்கு வேலை கிடைச்சப்ப ஒரு கேசரியாச்சும் கிண்டுனீங்களா? முதல் நாள் உங்க முகத்தைப் பார்த்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். அதுவும் முடியாது. சூடம் அடிச்சிட்டீங்க." சத்தம் போடாமல்தான் சொன்னாள். அறைக்குள் போய்க் கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள்.

அவள் வைத்துவிட்டுப் போன கரண்டியைக் கழுவி மாட்டினேன். ஒரு பக்கம் பெத்த பிள்ளை, இன்னொரு பக்கம் சூடம். எங்கள் அம்மா வீட்டில் சூடம் அடித்துச் சொன்ன பேச்சை மீறியவர் யாரும் கிடையாது. மீறினால் என்ன ஆகும் என்று கேட்கக்கூட பயம்.

திறப்பு நாளன்று போய்விட்டேன். மிட்டாய் நாட்டு எல்லையில் ரோஸ் நிறத் தரை தொடங்கும். அதற்கு இந்தப் பக்கம், பழைய சாம்பல் தரையில், எங்கள் குழு கறுப்புச் சட்டையில் நின்றது. நானும் அவர்களோடு நின்றேன். படகுத்துறை அங்கிருந்து தெரியாது, ஒலிபெருக்கி மட்டும் கேட்கும்.

"செலாமாட் டாத்தாங்!" என்று மகளின் குரல் வந்தது. "வெல்கம் டு தி..." நின்றுவிட்டது.

மறுபடி, "வெல்கம் டு..."

அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வரிசையில் யாரோ சிரிப்பதும் அதில் விழுந்தது. என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறான்! அடுத்து நான் பார்த்தபோது என் செருப்பு ரோஸ் தரையில் இருந்தது.

"ஏய், சூடத்தை அடிச்சியே!" என்று சீனத்து அக்கா பின்னாலிருந்து மலாயில் கத்தினார்.

"உள்ள என் பொண்ணு நிக்கிறா!" என்று நானும் மலாயில் கத்திவிட்டு ஓடினேன்.

கம்பித் தடுப்பில் வயிறு இடிக்க நின்று கையை ஆட்டினேன். தலையில் பெரிய லாலிபாப் தொப்பியோடு மரம்போல் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது. மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். செலாமாட் டாத்தாங் முதல் கைகால்களைப் படகுக்குள் வையுங்கள் வரை ஒரு வார்த்தை விடவில்லை. கிரீம் ஆறு என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரிசையில் நின்று என் முறை வந்ததும் படகில் உட்கார்ந்தேன். மடிமேல் போடும் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அவள் குனிந்து இழுத்துப் பார்த்தாள்.

"ம்மா, சத்தியம்..."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வேலையைப் பாரு."

படகு போய்த் திரும்பி வந்தது. இறங்கக் கை கொடுத்தபடி, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சகிக்கல," என்றேன். "ஒரே ரோஸ். கொமட்டுது."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப இனிமே வரமாட்டீங்க."

"மறுபடி எப்ப மைக்குல பேசுவ?"

"அடுத்த படகுக்கு."

நான் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.