கடல்தாயின் உள்ளங்கை

சின்ன வயதில் அவன் கைபட்டு உடையாத கோப்பை அந்த வீட்டில் கிடையாது. உடைந்ததை யாருக்கும் தெரியாமல் ஒட்டி, அலமாரியில் பழையபடி வைத்துவிடுவான். தேநீர் ஊற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் அக்கா அவனுக்கு வைத்த பெயர் பசை. வளர்ந்து, அருங்காட்சியகத்தில் பழைய பாண்டங்களை ஒட்டும் வேலைக்கே அவன் போய்ச் சேர்ந்ததும், தையற்கடை நடத்தும் அந்த அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே தம்பி புராணம் படிப்பாள்.

இந்த முறை அவனிடம் வந்தது, மூழ்கிய பழங்காலக் கப்பலோடு கடலடியில் கிடந்த ஒரு ஜாடி. ஜாடி என்றால் கூடை நிறைய ஓடுகள். அவற்றில் கறுப்பு வண்ணத்தில் தீட்டிய கடல்தாய்: அவள் கூந்தல்தான் அலைகள், கூந்தலுக்குள்ளே மீன்கள். கவிழப்போகும் கப்பலை அவள் உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள் என்று அந்தக் காலத்து மாலுமிகள் நம்பினார்களாம். சாப்பிடும்போதெல்லாம் தம்பி சொல்லிச் சொல்லி, அக்காவுக்கு ஜாடி மனப்பாடம்.

புதிய கடல் கூடத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், அவனுக்குத் தைத்த சட்டையோடு பட்டறைக்குப் போனாள். மணல் தட்டில் ஜாடி ஏறக்குறைய முழுசாக நின்றது. பசை மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரே ஒரு ஓடு.

"என்னடா, கப்பல் கவுந்துபோச்சா?"

"அப்படித்தான்க்கா. அவ உள்ளங்கை இது. உள்ள போக மாட்டேங்குது. மயிரிழை இடம் குறையுது."

"ஏன்டா?"

"அடியிலேருந்து வட்டம் வட்டமா ஒட்டிக்கிட்டு வரணும். நான் நடுவுல கப்பலை முதல்ல சேத்துட்டேன். சுத்தி உள்ளதெல்லாம் நெருங்கிடுச்சு."

"இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு இப்படிப் பண்ணலாமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீதான், கப்பலைக் காட்டு, கப்பலைக் காட்டுன்னு நச்சரிச்சியே."

அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"ஓரத்தை அரத்தால ராவினா உக்காந்துடும். எங்க அருங்காட்சியகத் தலைவியம்மா அதைத்தான் சொல்றாங்க, கண்ணாடிக்குப் பின்னால யாருக்குத் தெரியும்னு. ஆனா அவ விரல் நுனி போயிடும். எல்லாத்தையும் பிரிச்சு ஒட்டினா, நாளைக்கு ஜாடி இருக்காது. நீ தெருவையே கூப்பிட்டிருக்க."

கூப்பிட்டுத்தான் இருந்தாள். மடியிலிருந்த சட்டையைக் கொஞ்ச நேரம் நீவிவிட்டாள்.

"எனக்காகத் தப்பா ஒட்டினது போதும்டா. எனக்காக அவ விரலையும் நறுக்காதே. பிரி."

"தலைவியம்மா?"

"திட்டுவாங்க. வாங்கிக்கோ."

மறுநாள் கூடத்தில் கல்லில் செதுக்கிய படகுகளும் சங்கு ஊதும் சிலைகளும் இருந்தன. நடுவில், விளக்கு எரிய, ஒரு வெறும் பீடம்.

"ஜாடி எங்கம்மா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"மறுபடியும் உடைச்சுட்டானா?" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பீடத்தருகே போய், வெறும் காற்றில் விரலை வைத்தாள். "இதோ, இது கழுத்து. இங்கேருந்து அவ முடி சரிஞ்சு இறங்குது, அலை அலையா. இந்த வளைவுல ரெண்டு மீனு. ஒண்ணு திரும்பிப் பாக்குது. இங்க நடுவுல, கவிழப்போற ஒரு கப்பல்." முன்பின் தெரியாதவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் விரல் போன இடமெல்லாம் அவர்கள் கண்ணும் போயிற்று.

"கப்பல் தப்பிச்சுதா?" என்று இஸ்திரிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குத்தான் எந்தம்பி உள்ள உக்காந்திருக்கான்."

கூட்டம் கலைந்ததும் பட்டறைக்குப் போனாள். பசையை இளக்கும் திரவத்தின் வாடை, நகப்பூச்சு அழிக்கிற வாடை மாதிரி, மூக்கில் ஏறியது. புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் ஓடுகளைப் பரப்பியிருந்தான். மணலில் ஜாடியின் அடிவட்டம் மட்டும் எழும்பியிருந்தது.

"பாதி ஊருக்கு உன் ஜாடியைக் காட்டிட்டேன்டா" என்றாள்.

அவன் நம்பாமல் சிரித்தான். பிறகு, பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தான். "கப்பலைக் காட்டட்டுமாக்கா?"

"வேணாம். நீ அடியிலேருந்தே வா."