நாலு தாடைக்கும் நாலு பொட்டு

மரம் கடையும் எந்திரத்தை நான் வாங்கியபோது எனக்கு ஐம்பது முடிந்திருந்தது. தாலுகா ஆபீஸில் கோப்புக் கட்டுகளைத் தவிர வேறு எதையும் இறுக்கிக் கட்டிப் பழகாதவன். பாப்பாரப்பட்டி வீட்டின் கார் கொட்டகையில் அதை நிறுத்தினேன். கார் கிடையாது, கொட்டகை மட்டும் உண்டு.

வீடு கட்டிய வருஷம் மனைவி வைத்த மாமரம் பூச்சி அரித்துப் பட்டுப்போயிருந்தது. வெட்டியதில் கடைசலுக்கு இரண்டே கட்டைகள் தேறின. ஒன்றை நான் வெயிலில் போட்டு வெடிக்கவைத்து அடுப்புக்கு அனுப்பினேன். மிச்சம் ஒன்று.

"அதுலயாவது எனக்கொரு கிண்ணம் செஞ்சு குடுங்க. மரந்தான் போச்சு, அதுவாச்சும் வூட்டுல இருக்கட்டும்" என்றாள். சண்டை போட்டுக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். மெதுவாகக் கேட்டுவிட்டாள்.

எந்திரத்தின் முகப்பில் 'சக்' என்று ஓர் உருண்டை இரும்பு. கட்டையின் அடியில் கடைந்து வைத்த குட்டையான வட்டக் காலை அதன் நான்கு தாடைகளும் கவ்வ வேண்டும். சரியாகக் கவ்வாவிட்டால், சுற்றுகிற வேகத்தில் கட்டை எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். என்னால் முடியும். என் மூக்குக்குத்தான் வரும்.

அதனால் ஆயுத பூஜைக்கு எந்திரத்தைக் குளிர்வித்துவிட்டேன். நாலு தாடைக்கும் நாலு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். எலுமிச்சம்பழம் நசுக்க அதற்குச் சக்கரம் இல்லையே என்று வருத்தம் வேறு.

நாலு நாள் கழித்துக் கட்டையை மாட்டினேன். கையால் சுற்றிப் பார்த்தால் கோணிக்கொண்டு ஆடியது. தாடைகளைச் சாவி போட்டு முறுக்கினேன். ஆட்டம் குறையவில்லை. ஓடினால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்தேன். ஆபீஸில் எல்லாக் கோப்புக்கும் நான் எடுக்கிற முடிவு அது.

பிறகு ஹெல்மெட் மாட்டினேன். பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். கொட்டகைக்கு வெளியே நின்று, அதே மரத்தில் மாங்காய் பறித்த தொரட்டிக் கோலால் எந்திரத்தின் சுவிட்சைத் தட்டுவது திட்டம்.

எதிர் வீட்டில் மோட்டார் காயில் கட்டுகிற அண்ணன் பார்த்துவிட்டார். "என்ன சார், கிண்ணம் கடையப் போறீங்களா, பாம்பு புடிக்கப் போறீங்களா?"

"பாம்பா இருந்தா உங்களக் கூப்பிட்டிருப்பேங்கண்ணா."

தட்டினேன். கொட்டகையே தடதடவென்று அதிர்ந்தது. அணைக்கப் போனால் தொரட்டி கையில் இல்லை. அதைக் கீழே போட்டுவிட்டு நான் துளசி மாடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்தாள், கதவோரத்து மெயின் சுவிட்சை அணைத்தாள். அந்தச் சுவிட்சை வைக்க வயரிங்காரருக்கு இடம் காட்டியவனே நான்தான்.

குனிந்து பார்த்தாள். "ஏங்க, இந்தப் பக்கம் கட்டை இரும்போட ஒட்டியிருக்குது. அந்தப் பக்கம் காத்து போவுது பாருங்க."

கழற்றினோம். தாடையின் முகப்பை நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

"இது என்னங்க?"

"சந்தனம்."

"பொட்டா இது? சுவத்துக்குப் பூச்சுப் பூசுன மாதிரி பூசியிருக்கீங்க!"

காய்ந்து இறுகிய சந்தனம் ஒரு தாடையில் தடிமன், இன்னொன்றில் மெல்லிசு. அதன் மேல்தான் கட்டை கோணலாக உட்கார்ந்திருந்தது. என் உயிருக்கு நானே வைத்த காப்பு.

பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். வட்டக் காலின் ஓரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தாடை கவ்வ அது போதுமா? போதாவிட்டால் இதுவும் அடுப்புக்குத்தான். அவள் நசுங்கிய இடத்தை விரலால் தடவினாள்.

கட்டையைத் தாடைகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். சுற்றிலும் இடைவெளி இல்லை. கையால் சுற்றினேன். ஆடவில்லை. வேகத்தை ஆகக் குறைவாக வைத்தேன்.

அவள் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஓட்டுங்க. நான் நிறுத்தறேன்."

கட்டை சத்தமில்லாமல் சுற்றியது. நான்தான் நடுங்கினேன். நடுங்கி நடுங்கிக் கடைந்ததில் கிண்ணம் நினைத்ததைவிடச் சின்னதாகிவிட்டது. இப்போது அவள் சாவிக்கொத்தும் என் பிரஷர் மாத்திரையும் அதில்தான்.

அடுத்த ஆயுத பூஜையில் அவள் சந்தனத்தை என் கையில் தரவில்லை. எந்திரத்தின் மோட்டார் மேல் மிளகளவு ஒரு பொட்டு வைத்தாள். மிச்சத்தையெல்லாம் வழித்து என் ஹெல்மெட்டில் அப்பினாள்.

"பயப்படறது இதுதானுங்களே" என்றாள்.