பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

“…லீவு கெடிக்கலைன்னுட்டான். பம்பாயில கீறான், இன்னா பண்றது? பாட்டுன்னா எம்புள்ளைக்கு உசுரு. அதான், பொண்ண ஒரு பாட்டு பாடச் சொல்லி கேசட்டுல புட்ச்சிகினு போலாம்னு பாக்குறேன்,” என்றார் திருவேற்காட்டிலிருந்து என் அத்தையைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, பஜ்ஜி எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

ஆவடி குவார்ட்டர்ஸில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீடு எங்களுடையது. அப்பா பெருமையோடு அதைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார். எனக்கு மட்டும் பயமாக இருந்தது.

ஏனென்றால் அதைச் சித்தப்பா ‘ரெடி’ பண்ணியிருந்தார். டேப்புக்குள் ரெண்டு ஹெட் உண்டு. ஒன்று பழையதை அழிக்கும், அடுத்தது புதியதைப் பதியும். அழிக்கிற ஹெட்டின் மேல், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிட்டார்; இனி பழையது அழியாது. முதலில் அவர் டம்ளரில் தாளம் தட்டிப் பதிவார். அதன் மேலேயே அத்தை பாடுவாள். அதற்கும் மேலே இன்னொரு முறை பாடுவாள். ஆள் என்னவோ ரெண்டு பேர்தான், கேட்டால் ஒரு கச்சேரி! பழைய சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டேப்போடு சித்தப்பாவும் தெருவில் நின்றிருப்பார்.

அன்று சித்தப்பா ஷிப்டில் இருந்தார். டேப்புக்குள் கிடந்த கேசட்டோ, முந்தின நாள் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிப் பதிந்தது. பேசுவாள், போட்டுக் கேட்பாள், அழுவாள். ஏதோ நாடக ஒத்திகை என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பா கேசட்டை முதலுக்குச் சுற்றிவிட்டு சிவப்புப் பட்டனை அழுத்தினார். நான் வாயைத் திறந்தேன். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பாடும்போது அவள் குரல் நடுங்கியது. கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் அப்பா வராந்தாவுக்குப் போனார். அங்கே ஆண்கள் முகூர்த்த நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா டேப்பை ஓடவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைத்தார். பல்லவி முடிந்து அத்தை மூச்சு வாங்கிய இடத்தில், அடியிலிருந்து அவள் குரலே பேசியது.

“அண்ணே, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அடிச்சாலும் பரவால்ல, நான் சொல்றத ஒரு வாட்டி கேளுங்கண்ணே…”

என் அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அத்தை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“என்னங்க, சத்தமே வரல? கூட வையுங்க, நாங்களும் கேக்குறோம்!” என்று அப்பா வராந்தாவிலிருந்து எழுந்து வந்தார்.

அவர் வாசற்படிக்கு வருவதற்குள் அந்தம்மா டேப்பை நிறுத்தி, கேசட்டை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“தப்பா நென்ச்சிக்காத நைனா. பொண்ணு கொரலு கட்டையா கீது. எம்புள்ளைக்குச் சரிப்பட்டு வராது. ஏங்க, எந்திரிங்க, போலாம்!”

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அந்தத் திமிர் பிடித்தவளை அவர் வருஷக்கணக்கில் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவ்வளவு நல்ல குரலைப் போய்! ஆனால் கிளம்பும்போது அந்தம்மா செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. செருப்பை மாட்டியவர் மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அத்தையின் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து, பத்து விரலும் படபடக்க நெட்டி முறித்தார்.