பந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்

படூரில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். கீழே புல்தரையில் ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். அடிக்கும் முன்பே தலையை நிமிர்த்திவிடுகிறார். "தலை! தலை!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். மேலிருந்து ஏதோ விழப்போகிறது என்று நினைத்து மனிதர் ஓடியே போய்விட்டார். மருமகள் பதறி வந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவிக்கு கோல்ஃப் தெரியும் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

தெரியும் என்றால், அடிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தேன். அவருக்குப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. ரயிலில் போய் ரயிலில் வருவார். சட்டையெல்லாம் கரிப்புகை வாசனை. இன்றைக்கும் எங்காவது நிலக்கரி புகைந்தால், தட்டு வைக்க எழுந்திருக்கத் தோன்றுகிறது. வருவார், சாப்பிடுவார், "உப்பு கம்மி" என்பார். எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு நாள் முகமெல்லாம் வெளுத்து வந்தார்.

"துரை என்னையும் இன்னொருத்தரையும் கோல்ஃப் ஆட கூப்ட்டுருக்காரு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் ஆபீசர் வேலையாம்."

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"கில்லி தெரியும்."

ஸ்டேஷன் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாய்தான் காப்பாற்றினார். சீமைக்குத் திரும்பிய யாரோ ஒரு துரையின் பங்களா ஏலத்தில் எடுத்த மூட்டையில் ஒரு மட்டையும் சில பந்துகளும் இருந்தன. "கைத்தடின்னு எட்த்தேன் சார். ஊனிப் பாத்தா கோணலா கீது. நீங்களே வெச்சிக்கோங்க" என்று கொடுத்துவிட்டார்.

ஊருக்குள் பழகினால் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டையைச் சாக்கில் சுற்றி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, மகாபலிபுரம் பஸ் ஏறினோம். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஆளில்லாத மணல்வெளி. துரை சொன்ன பாடத்தை வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தார்: பிடியை இறுக்கக் கூடாது, இடது கை மடங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, தலையை நிமிர்த்தக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை சமாச்சாரத்தை விட்டுவிட்டால், புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது என் அம்மா சொன்னதும் இதேதான்.

ஈர மணலைச் சின்னதாகக் குவித்து அதன்மேல் பந்தை வைப்பேன். அவர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவார். மணல் பறக்கும், பந்து அசையாமல் எங்களைப் பார்க்கும். வலை காயப்போட வந்த ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, பாம்பா? அது அப்பவே பூட்டிருக்கும்" என்றார். நானும் ஒரு தடவை புடவையைச் செருகிக்கொண்டு வீசிப் பார்த்தேன். மட்டை கையை விட்டுப் பறந்து தோப்பில் விழுந்தது.

இரண்டு மூன்று ஞாயிறு இப்படியே போயின. வாழைக்குருத்தைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கப் பழகினார். இடுப்பு திரும்பினால் கை தானாகப் பின்னால் வரும் என்பதும் பிடிபட்டது. தலைதான் அடங்கவில்லை. அடி விழுமுன்னே, பந்து எங்கே போகிறதென்று கடலைப் பார்க்கிறார். ஒரு நாள் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வராது. அந்த வேலை இன்னொருத்தருக்குத்தான்" என்றார். அவர் மனசிலிருந்த ஒன்றை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, பந்து எங்க போவுதுன்னு நான் பாத்துக்கறேன். நீங்க மண்ணையே பாருங்க" என்றேன்.

எழுந்து வந்தார். மெதுவாகத் தூக்கினார், மெதுவாகவே இறக்கினார். 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவு சுத்தமாக. பந்து தோப்பின் உச்சிக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அவர் இன்னும் குனிந்தபடியே, "எங்க? எங்க?" என்கிறார். கையை நீட்டி நீட்டிக் காட்டினேன்.

துரையோடு ஆடிவிட்டு வந்த அன்று வாசலிலேயே கேட்டேன். "மொதல் பந்து நேரா போச்சு. ரெண்டாவது குளத்துல" என்றார்.

"ஏன்?"

"மொதல்ல, நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன். ரெண்டாவது அடிக்கச்சேதான் நீ அங்க இல்லன்னு நெனப்பு வந்துச்சு."

வேலை மற்றவருக்குப் போனது. அந்த மனிதரின் மட்டை பந்தில் படவேயில்லையாம். ஆனால் நன்றாகச் சிரிக்கப் பேசினாராம். இவர் அதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை. இரவில் சாப்பிட்ட பிறகும் உட்கார்ந்து ஆபீஸ் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தார். மூத்தவன் பிறக்கும்வரை ஞாயிறுதோறும் மணலுக்குப் போய்வந்தோம்.

அவர் காலமான பிறகு, போன வருஷம்தான் மகன் என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போனான். தோப்பு இல்லை. மணலையே காணோம், நீளமாகச் சுவர் எழுப்பி உள்ளே சொகுசு விடுதி கட்டியிருக்கிறார்கள். கேட் பக்கத்தில் தயங்கி நின்றேன். காவலாளிப் பையன் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டான்:

"யார பாக்கணும் பாட்டி?"